ஐந்தாமவனின் மதிப்பு

தன்மதிப்பு எங்கிருந்து பிறக்கிறது? பிறர் புகழ்வதாலா, வெல்வதாலா, அன்றி உள்ளத்தில் தானே ஊறுவதா? அறிஞர் பலர் ஆராய்ந்த இவ்வினாவிற்குத் தொலைதூரத்துப் பள்ளி ஒன்றின் ஓட்டக்களத்திலும் விடை தேடலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மக்பார்லண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. வயல்களும் பழத்தோட்டங்களும் சூழ்ந்த அவ்வூரில் வாழ்வோருள் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்த உழைப்பாளர். அவர்தம் பிள்ளைகளுள் பலர் பள்ளிநேரம் போக எஞ்சிய பொழுதில் பெற்றோருடன் வயலில் உழைத்தவர்கள். வீட்டில் ஸ்பானிய மொழி, பள்ளியில் ஆங்கிலம். 'உன் இடம் இதுவே' என எவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. சூழலே அதனைச் சொல்லிவிடும்.

அவ்வூர்ப் பள்ளியில் 1980 முதல் ஜிம் ஒயிட் என்னும் ஆசிரியர் நெடுந்தொலைவு ஓட்டம் பயிற்றுவித்தார். 1987இல் கலிபோர்னியா முதன்முறையாக நடத்திய மாநிலப் போட்டியில் அவர்தம் மாணவர் தம் பிரிவில் வாகை சூடினர். அவர் காலத்தில் அப்பள்ளி பெற்ற மாநிலப் பட்டங்கள் ஒன்பது. 2015இல் அவர்கள் கதை திரைப்படமாகவும் வந்தது.

இப்போட்டியின் விதி நம் சிந்தனைக்கு உரியது. ஒரு குழுவில் எழுவர் ஓடுவர். அவருள் முந்திவரும் ஐவர் எய்திய இடங்களைக் கூட்டுவர். கூட்டுத்தொகை குறைந்த குழுவே வெல்லும். முதல்வன் காற்றாய்ப் பறந்தாலும், ஐந்தாமவன் தளர்ந்தால் குழு தோற்கும். ஐந்தாமவனுக்கு மாலை இல்லை. ஆயினும் நால்வர் எல்லைக்கோட்டில் அவன் வரவை நோக்கி நிற்கின்றனர். 'நான் வேண்டப்படுகிறேன்' என்னும் அவ்வுணர்வே தன்மதிப்பின் வித்து என்று நாம் கருதுகிறோம். வெற்றி தந்த மதிப்பை மறுநாள் தோல்வி பறித்துவிடும். பிறருக்குப் பயன்பட்டதால் வந்த மதிப்பை எத்தோல்வியும் பறிக்க இயலாது.

ஓட்டம் வயற்கூலியை உயர்த்திவிடாது. பதக்கம் வறுமைக்கு மருந்தும் அன்று. விளையாட்டைப் போற்றுவோர் இதனை மறத்தலாகாது. எனினும், குனிந்தே உழைத்த இளைஞன் ஒருவன் நிமிர்ந்து நடக்கக் கற்பது சிறிய செயலன்று.

பிழைப்பின் பொருட்டு வேற்றுமொழி நிலத்தில் வாழும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம் ஆண்டு விழாக்களில் முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளையை மேடையேற்றிக் கைதட்டுகிறோம். கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்து நாற்காலிகளை அடுக்கிவைக்கக் காத்திருக்கும் பிள்ளையின் பெயரையேனும் நாம் கேட்டதுண்டா?