வைத்தியருக்கு நாம் பட்ட கடன்



ஓர் ஊரைப் புயல் தாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் அன்றிரவு ஒரே ஒரு வைத்தியர் முறையிலிருக்கிறார். அவருடைய வீடும் அதே ஊரில்தான் இருக்கிறது. வீட்டில் மனைவி, கைக்குழந்தை, படுக்கையில் வயதான தாயார். ஆஸ்பத்திரி வாசலிலோ மரம் விழுந்து கால் நொறுங்கியவரைத் தூக்கி வருகிறார்கள். இப்போது அந்த வைத்தியர் எங்கே இருக்க வேண்டும்? வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா?

இக்கேள்விக்கு நம்மில் பெரும்பாலோர் யோசியாமலே பதில் சொல்லிவிடுவோம். "சம்பளம் வாங்குகிறார் அல்லவா, ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும்" என்போம். அந்தப் பதில் அவ்வளவு சுலபமானதன்று என்பதை எடுத்துச் சொல்லவே இதனை எழுதுகிறோம். நாம் நியாலாஸில் மளிகைக் கடை வைத்துப் பிழைப்பவர். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்தது மட்டுமே நம் படிப்பு. ஆயினும் கொடுக்கல் வாங்கல் கணக்கு நமக்குத் தெரியும். இதுவும் ஒரு கடன் கணக்குதான்.

இது வெறும் கற்பனையன்று. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று, மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் பலர் பிறந்த ஊர்களையெல்லாம் அது புரட்டிப் போட்டது. 60க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னந்தோப்புகள் வேரோடு படுத்தன. கைப்பேசிக் கோபுரங்களும் விழுந்ததால், ஊரில் தாய் தந்தையர் உயிரோடிருக்கிறார்களா என்று அறியாமல் இந்நாட்டில் எத்தனையோ பேர் தவித்தார்கள். மின்சாரம் வந்து சேரப் பல கிராமங்களில் வாரக்கணக்கில் ஆயிற்று.

அந்த நாட்களில் ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வேலை செய்தவர்கள் யார்? வானத்திலிருந்து இறங்கி வந்தவர்களா? அதே ஊர்க்காரர்கள். கூரை பறந்த வீட்டுக்காரர்கள். தோப்பை இழந்த குடும்பத்துப் பிள்ளைகள். காயம் கட்டுகிற செவிலியரின் வீட்டிலும் அடுப்பெரியவில்லை. 108 ஆம்புலன்ஸ் ஓட்டியவரின் தெருவிலும் மரம் விழுந்து வழி அடைத்துக் கிடந்தது. புயலில் வைத்தியர் கரையில் நின்று கைகொடுப்பவர் அல்லர். அவரும் தண்ணீருக்குள்தான் நிற்கிறார்.

இன்னும் பழைய சம்பவம் ஒன்றுண்டு. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. ஓடிக்கொண்டிருந்த ரயில் வண்டியே நூற்றுக்கு மேற்பட்டோருடன் அலையில் மூழ்கியது. அவ்வூரில் சுங்க அலுவலகம் இருந்தது, தபாலாபீஸ் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, சிறியதொரு ரயில்வே ஆஸ்பத்திரியும் இருந்தது. எல்லாம் சேர்ந்தே போயின. நோயாளியைத் தாக்கும் புயல் ஆஸ்பத்திரியை ஒதுக்கி வைப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். மதரஸாவில் நமக்கு ஓதித் தந்த பாடம் ஒன்று இங்கு உதவுகிறது. கடமைகள் இரு வகை. ஒவ்வொருவரும் தாமே செய்தாக வேண்டியது பர்ளு ஐன். ஊரில் சிலர் செய்தால் எல்லோர் மீதும் உள்ள பொறுப்பு நீங்கிவிடுவது பர்ளு கிஃபாயா. ஜனாஸாத் தொழுகை இதற்கு உதாரணம். வைத்தியக் கல்வியும் இவ்வகையைச் சேர்ந்ததே என்று இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் செய்யத் தகுதியுள்ளவர் ஒருவரே இருந்தால், அந்தப் பொதுக் கடமை அவர் ஒருவரின் தனிக் கடமையாக மாறிவிடுகிறது. எனவே புயல் இரவில் தனித்து நிற்கும் அந்த வைத்தியருக்கு நோயாளி பர்ளு ஐன் ஆகிவிடுகிறார். தொழுதுகொண்டிருப்பவர் கண்முன்னே ஒருவர் தண்ணீரில் மூழ்கினால், தொழுகையை முறித்துக் காப்பாற்ற வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டம். உயிருக்கு அத்துணை மதிப்பு.

ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை. பெற்ற பிள்ளையையும் கட்டிய மனைவியையும் காப்பது யார் கடமை? அதுவும் அவருடைய தனிக் கடமையே. அவருக்கு இரு பக்கமும் பர்ளு ஐன். ஒன்றைச் செய்தால் மற்றது தவறும். இப்போது எந்த வாயினால் நாம் "வீட்டை மறந்துவிட்டு வா" என்று அவரை அழைப்பது?

நமக்குத் தோன்றுவது இது. இரண்டு கடமைகள் மோதும்போது, எது பிறர் கைக்கு மாற்றக்கூடியது, எது மாற்ற முடியாதது என்று பார்க்க வேண்டும். கிழிந்த நரம்பைத் தைக்கும் வேலையை வைத்தியர் மளிகைக் கடைக்காரரிடம் ஒப்படைக்க முடியாது. ஆனால் அவருடைய தாயாரைத் தூக்கிக்கொண்டு மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போகும் வேலையைக் கடைக்காரர் செய்யலாம். குழந்தைக்குப் பால்மாவு வாங்கிக் கொடுக்கலாம். பறந்த தகரத்தைத் திரும்ப அடிக்கலாம். மாற்ற முடியாத கடமையை அவர் சுமக்கட்டும். மாற்றக்கூடியதை நாம் வாங்கிக்கொள்வோம். தகப்பன் அருகிலிருப்பதற்கு எதுவும் முழு ஈடாகாது என்பது மெய்தான். ஆயினும் பிள்ளை பத்திரமாயிருக்கிறது என்ற செய்தி, வைத்தியரின் கை நடுங்காமலிருக்கப் போதுமானது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருட்டோடு பால்வெட்டுக்குப் போன தாய், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போனாள்? ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாள். ஆயா தொட்டிலை ஆட்டியதால்தான் தாய் மரத்தடியில் நிற்க முடிந்தது. இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது; அந்தக் கொட்டகைகளும் பல இடங்களில் இல்லை. அது கற்றுத் தந்த பாடம் மட்டும் பழசாகவில்லை. ஒருவர் கடமையில் நிற்பதற்குப் பின்னால், அவருடைய தொட்டிலை வேறு யாரோ ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆட்ட யாரும் வராவிட்டால்? அப்போது வைத்தியர் வீட்டுக்கு ஓடினாலும் அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை என்பதே நம் முடிவு. பர்ளு கிஃபாயாவை ஊரில் ஒருவருமே செய்யாவிட்டால் பாவம் ஊர் முழுவதற்கும் என்றுதானே ஓதியிருக்கிறோம்? வைத்தியம் மட்டுமன்று, வைத்தியரைத் தாங்குவதும் அந்தக் கடமையில் ஒரு பங்கு.

இரண்டாவது கேள்வி இதனினும் கடினமானது. மருந்து பத்துப் பேருக்கு இருக்கிறது, வந்திருப்பவர்களோ நாற்பது பேர். யாருக்கு முதலில்?

கடையில் நமக்குள்ள நியாயம் ஒன்று: முதலில் வந்தவருக்கு முதலில் நிறுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நியாயம் வேறு. பின்னால் வந்தாலும் ஆபத்து மிகுந்தவரை முதலில் பார்ப்பார்கள். பேரிடரில் அதுவும் மாறுகிறது. பிழைக்கவே வழியில்லாதவர் ஒருவருக்காக ஐந்து மணி நேரம் செலவிட்டால், பிழைக்கக்கூடிய ஐவர் போய்விடலாம். ஆகவே யாரைக் காப்பாற்ற முடியுமோ அவரை முன்னே எடுக்கிறார்கள். காகிதத்தில் எழுதும்போது இது சரியாகத்தான் தெரிகிறது. பின்னே ஒதுக்கப்பட்டவர் நம் தாயாராக இருந்தால் எப்படியிருக்கும் என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் தாக்கியது. கரைகள் உடைந்து நகரம் நீரில் மூழ்கியது. மெமோரியல் என்ற ஆஸ்பத்திரியில் அவசர மின்சார ஏற்பாட்டின் முக்கியக் கருவிகள் தாழ்ந்த இடத்தில் இருந்தபடியால் மின்சாரம் அடியோடு நின்றது. கொடிய வெப்பம். மின்தூக்கி ஓடாததால் நோயாளிகளைப் படிகளில் சுமந்தார்கள். வைத்தியர்கள் நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, நிலைமை மிக மோசமானவர்களைக் கடைசியில் அனுப்புவதென்று தீர்மானித்தார்கள். தண்ணீர் வடிந்த பின் அங்கே 45 சடலங்கள் கிடைத்தன. நோயாளிகள் சிலருக்கு மருந்தேற்றி மரணத்தை விரைவுபடுத்தினார்கள் என்று ஒரு வைத்தியரும் இரு செவிலியரும் 2006ஆம் ஆண்டு கைதாயினர். 2007ஆம் ஆண்டு பெரு நடுவர் குழு அந்த வைத்தியர் மீது வழக்குத் தொடர மறுத்துவிட்டது.

அங்கே நடந்ததைத் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லலாம். ஓர் உயிரைப் பின்னே வைப்பது ஒன்று. அந்த உயிரை முடித்து வைப்பது வேறொன்று. முன்னதற்குப் பேரிடர் நியாயமாகலாம். பின்னதற்கு எந்தப் புயலும் நியாயமாகாது என்பது நம் நம்பிக்கை. பிழைக்க வழியில்லாதவருக்கும் உரிமை உண்டு. வாயில் ஒரு மிடறு தண்ணீர், வலி தணிய மருந்து, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கை. இதற்குப் பட்டம் பெற்ற வைத்தியர் வேண்டியதில்லை. நம்மைப் போன்றவர் போதும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தக் கருவிகள் மேல் தளத்தில் இருந்திருந்தால் இத்தனை கொடிய கேள்விகள் எழுந்திரா. முன்யோசனையில்லாத நிர்வாகம் செய்த பிழைக்கு, கடைசி நேரத்தில் களைத்து நின்ற வைத்தியர் விடை சொல்ல வேண்டியதாயிற்று.

முன்யோசனை எத்துணை உயிர்களைக் காக்கும் என்பதற்கு ஒரிசாவே சாட்சி. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் அடித்த பெரும்புயலில் அங்கே சுமார் 10,000 பேர் மாண்டனர். 2013ஆம் ஆண்டு அக்டோபரில் பைலின் என்ற கடும்புயல் வந்தபோது, சுமார் 10 லட்சம் பேரை முன்னதாகவே அகற்றினார்கள். பிரசவ நாள் நெருங்கிய பெண்களைத் தேடிப்பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இறந்தவர் தொகை நூற்றுக்குள் அடங்கியது.

புயல் அடங்கியதும் ஆபத்து அடங்கிவிட்டதாக நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ட்டோ ரிக்கோ தீவை மரியா புயல் தாக்கியது. இறந்தோர் 64 பேர் என்று முதலில் அரசு சொன்னது. மறு ஆண்டு ஆராய்ந்து பார்த்து 2,975 என்று திருத்தியது. காற்றாலும் மழையாலும் மட்டும் அத்தனை பேர் மாண்டுவிடவில்லை. மாதக்கணக்கில் மின்சாரமில்லை, மருந்து கிடைக்கவில்லை, வைத்தியரிடம் போகப் பாதையில்லை. சர்க்கரை நோயாளியின் இன்சுலின் குளிர்ப்பெட்டி ஓடாமல் கெட்டுப்போகும். சிறுநீரகம் கெட்டவருக்கு வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அதற்கு மின்சாரமும் நல்ல தண்ணீரும் வேண்டும். வெள்ளம் வடிந்த சேற்றில் எலிக்காய்ச்சல், குடிநீரில் பேதி, மூடிய அறையில் ஓட்டிய ஜெனரேட்டரின் நச்சுப்புகை. இவையெல்லாம் ஓசையில்லாமல் கொல்லும். பத்திரிகைக்காரர் திரும்பிப் போய்விடுவார். அரிசி மூட்டை கொண்டுவந்த லாரியும் போய்விடும். வைத்தியரும் செவிலியரும் மட்டும் அங்கேயே இருப்பார்கள். அவர்களுக்கு நம் துணை மிகவும் தேவைப்படும் நேரம் முதல் நாளன்று, நாற்பதாவது நாளே.

பாராட்டுவது சுலபம். 2020ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் இந்தியா முழுவதும் மக்கள் வாசலில் நின்று வைத்தியர்களுக்குக் கைதட்டினார்கள். ஒரு மாதம் செல்லுமுன், ஏப்ரலில், கொரோனாவால் உயிர் நீத்த ஒரு வைத்தியரை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கி விரட்டியது. உடன் வேலை செய்த வைத்தியரே நள்ளிரவில் மண்ணைத் தள்ளி அடக்க வேண்டி வந்தது. கைதட்டலால் கடன் தீராது. கடையில் வாயாரப் புகழ்ந்துவிட்டுப் பாக்கி வைத்துப் போகிறவரை நாம் என்னவென்று சொல்வோம்?

"இதெல்லாம் தூர தேசத்துக் கதை, மலாக்காவில் புயல் ஏது?" என்று சிலர் கேட்கலாம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்றுதான் அறிந்தோரும் நினைத்திருந்தார்கள். 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் வாமெய் புயல் நம் பக்கத்து ஜொகூரில் கரை ஏறியது. அதற்கு ஐந்தாண்டுக்கு முன், 1996 டிசம்பரில், கிரெக் புயல் சபாவின் கெனிங்காவில் இருநூறு பேருக்கு மேல் கொண்டுபோனது. வெள்ளமோ நமக்குப் புதிதன்று.

ஆகவே நம் ஜமாஅத்தார் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். நம்மூரிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் யார் யார், அவர்கள் வீட்டில் முதியோரும் குழந்தைகளும் எத்தனை பேர் என்று குறித்து வைத்துக்கொள்வோம். அவர்கள் மலாயரா, சீனரா, தமிழரா என்று பார்க்க வேண்டியதில்லை. காயம் கட்டும்போது அவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. ஆபத்து வந்தால் எந்த வீட்டை எவர் பார்த்துக்கொள்வது என்று இப்போதே பிரித்துக்கொள்வோம். தெருவில் இன்சுலின் போடுகிறவர், சுத்திகரிப்புக்குப் போகிறவர், நிறைமாதப் பெண் இவர்களை அறிந்திருப்போம். சிறு காயத்துக்குக் கட்டுப்போட இளைஞர் பத்துப்பேருக்குப் பயிற்சி கொடுப்போம். அந்த அளவுக்கு ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் குறையும்.

முற்காலத்துத் தோட்டங்களில் டிரெசர் ஒருவர் இருப்பார். பிரசவம், பாம்புக்கடி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அவர்தான். அவர் வீட்டுக் கதவை நடுநிசியில் தட்டக் கற்றிருந்தோம். அவருக்கு ஒரு துன்பம் வந்தபோது அதே கதவைத் தட்டி "என்ன வேண்டும் ஐயா?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி. வாங்கிய கடனைக் கேட்குமுன் கொடுப்பவரே நாணயஸ்தர். புயல் வருமுன் கொடுக்கத் தொடங்குவோம்.