பிழைப்புக்காகக் காக்கும் சமாதானம்

'சிவிலைசேஷன்' வரிசையின் நான்காவது கணினி விளையாட்டு 2005இல் வெளிவந்தது. ஃபிராக்ஸிஸ் நிறுவனத்துக்காக அதை வடிவமைத்தவர் சோரன் ஜான்சன். அதில் கடினத்தின் படிகள் ஒன்பது. உச்சியில் இருப்பது 'டெய்ட்டி'. அந்தப் படியில் மனித ஆட்டக்காரர் ஒரே ஒரு குடியேற்றக் குழுவோடு தொடங்குவார். கணினி ஆளும் அண்டை நாடுகளுக்கோ இரண்டு குழுக்கள், கையில் வில்லாளர்கள், கற்றுக்கொள்ளாமலே வந்து சேர்ந்த சில தொழில்நுட்பங்கள். படை பலத்தை நம்பி இறங்கினால் ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிடும். எனவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் பேச்சையும் வணிகத்தையும் பிடித்துக்கொண்டு பிழைக்கிறார்கள். அப்படிப் பிழைக்கும் முறை ஒரு பழைய அறக் கேள்வியை எழுப்புகிறது. வேறு வழியில்லாததால் காட்டும் நட்புக்கும், உயிருக்கு அஞ்சி ஏற்கும் சமயத்துக்கும் அற மதிப்பு ஏதாவது உண்டா?

இந்த ஆட்டத்தில் நட்பு எண்ணிக்கைக்கு உட்பட்டது. ஒவ்வொரு அரசரின் மனமும் கூட்டல் கழித்தல் கணக்காகத் திரையில் தெரியும். நியாயமான வணிகத்துக்குக் கூட்டல், ஒரே சமயத்துக்குக் கூட்டல், அவருடைய பரம எதிரியோடு வியாபாரம் செய்தால் கழித்தல். தொழில்நுட்பப் பரிமாற்றம் தொடங்கியபின் ஆட்டக்காரர் தரகராகிவிடுவார். ஒருவரிடம் வாங்கியதை அதே சுற்றில் இன்னொருவரிடம் தள்ளி, அவரிடமிருந்து வேறொன்றைப் பெறுவார். இதைவிட நுட்பமானது பிச்சை கேட்கும் உத்தி. பலமான அண்டை அரசரிடம் சொற்பக் காசை உதவியாகக் கேட்க வேண்டும். அவர் கொடுத்துவிட்டால், பத்துச் சுற்றுகளுக்கு இரு நாடுகளும் ஒன்றின்மீது ஒன்று போர் தொடுக்க முடியாது. காசு ஒரு சாக்குதான், வேண்டியது அந்தப் பத்துச் சுற்று அவகாசம்.

இம்மானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் அவர் கூடுதல் விலை சொல்வதில்லை. ஆனால் காரணம் நேர்மை அல்ல, கடையின் பெயர் கெட்டுவிடுமே என்ற கணக்கு. அவர் செய்வது கடமைக்குப் பொருந்துகிறது, கடமையுணர்விலிருந்து பிறக்கவில்லை. ஆகவே அதற்கு அற மதிப்பு இல்லை என்பது கான்ட்டின் தீர்ப்பு. டெய்ட்டி ஆட்டக்காரர் அச்சு அசலாக அந்தக் கடைக்காரர்தான். வியப்பு என்னவென்றால், பத்தாண்டு கழித்து, 1795இல் நிலையான அமைதி பற்றி எழுதியபோது, அதே கான்ட் வணிக உணர்வை அமைதிக்குத் துணையாக அழைக்கிறார். அரசுகள் நல்லவையாக மாறக் காத்திருக்க வேண்டாம், சுயநலமே அவற்றைப் போரிலிருந்து விலக்கும் என்கிறார். இதில் முரண் இல்லை. தனிமனிதரின் மேன்மையை அளக்கும்போது நோக்கத்தைக் கேட்கிறார். உலகில் இரத்தம் சிந்தாமல் இருக்கிறதா என்று பார்க்கும்போது விளைவே போதும் என்று விடுகிறார்.

திருக்குறளின் அமைப்பிலும் இப்படி ஒரு பிரிவினை உண்டு. வாய்மை என்ற அதிகாரம் அறத்துப்பாலில், அதிலும் துறவறவியலில் இருக்கிறது. துணையில்லாதவன் இரு பகைவரில் ஒருவரைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளட்டும் என்ற அறிவுரையோ பொருட்பாலில், பகைத்திறந்தெரிதலில் வருகிறது. ஆனால் பொருட்பால் அறம் கழன்ற இடமல்ல. வினைத்தூய்மை என்ற அதிகாரமும் அங்கேதான் இருக்கிறது; பெற்ற தாயே பசித்திருந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறது. பிழைப்புக்கு உத்தி வேண்டும், உத்திக்கு எல்லையும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே பாலில் வைத்திருப்பது, கான்ட்டின் கறாரைவிட ஆள்வோரின் நிலைமைக்கு நெருக்கமானது.

அந்த எல்லை டெய்ட்டி ஆட்டத்தில் ஓரிடத்தில் தெளிவாக மீறப்படுகிறது. ஒரு தொழில்நுட்பத்தைக் கையூட்டாகக் கொடுத்து ஓர் அண்டை அரசரை இன்னோர் அரசர்மீது ஏவிவிடலாம். இருவரும் மோதிக்கொண்டிருக்கும் வரை நடுவில் இருப்பவருக்கு நிம்மதி. வணிகம் அமைதியைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கைக்கு இது சரியான மறுப்பு. அதே கொடுக்கல் வாங்கல் பக்கத்து வீட்டுக்குத் தீ வைக்கவும் பயன்படுகிறது. நோக்கத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் பார்ப்பவருக்கும் இதை நியாயப்படுத்துவது கடினம்.

சமய மாற்றம் இன்னும் சிக்கலானது. ஆட்டத்தில் ஏழு சமயங்கள் உண்டு. பௌத்தம், இந்து சமயம், யூதம், கன்ஃபூஷியம், கிறிஸ்தவம், இஸ்லாம், தாவோயிசம். எதையும் உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டக் கூடாதென்று அனைத்துக்கும் ஒரே பயனைத் தந்திருக்கிறார்கள். மரியாதையான முடிவுதான். ஆனால் அதனால் சமயம் என்பது யாரோடு அணி சேர்கிறோம் என்று காட்டும் கொடியாக மட்டும் சுருங்கிவிட்டது. வலிய அண்டையரின் சமயத்துக்கு மாறுவதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் ஒரு சுற்றுக் குழப்பம்தான்.

வரலாற்றில் விலை அவ்வளவு மலிவாக இருந்ததில்லை. புரோட்டஸ்டன்ட்டாக இருந்த பிரான்ஸின் நான்காம் ஹென்றி 1593இல் கத்தோலிக்கரானார். அடுத்த ஆண்டு பாரிஸ் அவருக்குக் கதவைத் திறந்தது. பழைய தோழர்கள் துரோகம் என்றனர், புதியவர்களில் பலர் நம்பவில்லை. ஆனால் 1598இல் அவர் பிறப்பித்த நாந்து ஆணை புரோட்டஸ்டன்ட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்தது. கணக்குப் போட்டுச் செய்த மாற்றத்திலிருந்தும் ஒரு நன்மை விளைந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல் இன்னும் ஒரு படி போகிறார். நம்பிக்கை வராதவர் நம்பியவரைப் போலச் சடங்குகளைச் செய்யட்டும், பழக்கம் மனத்தை இழுத்துவரும் என்பது அவர் வழி. மனிதருக்கு அது நடக்கலாம். ஆட்டக்காரருக்கு நடக்காது, ஏனென்றால் அங்கே மாறுவதற்கு உள்ளம் என்று எதுவும் வைக்கப்படவில்லை.

நோக்கம் என்னவென்று வெளிப்படுவது ஆட்டத்தின் பிற்பகுதியில். தரகு வேலையால் வளர்ந்து, படையிலும் முந்தியபின், அதுவரை காத்த நண்பரையே முதலில் தாக்குவது பலரின் வழக்கம். 2050ஆம் ஆண்டோடு ஆட்டம் முடியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எதிர்காலம் இல்லாத இடத்தில் நற்பெயருக்கு விலை கிடையாது. ஐக்கிய நாடுகள் அவையில் வாக்குப் பெற்று வெல்லும் வழியும் ஆட்டத்தில் இருக்கிறது. அதை நாடுபவருக்கு நண்பர்கள் கடைசிவரை வேண்டும். ஆனால் அதுவும் வெற்றிக்கான கணக்குதான். ஆகவே டெய்ட்டி ஆட்டக்காரரின் சமாதானத்தை விவேகம் எனலாம், அறம் என்று சொல்ல முடியாது. தாக்கும் பலம் வந்தபின்னும், தாக்கினால் ஆதாயம் என்று தெரிந்தும் ஒப்பந்தத்தைக் காப்பவருக்கு மட்டுமே அந்தச் சொல் பொருந்தும்.