வயிற்று நோயும் வினைப்பயனும்

நோயுற்றான் ஒருவனைக் கண்டவுடன் நம் மக்கள் நாவில் முதற்கண் எழுஞ் சொல் "முன்வினை" என்பதாம். காய்ச்சல் மூன்று நாளில் தணிந்துவிட்டால் அச்சொல்லும் அதனுடன் மறைந்துபோம். ஆனால், வயிற்றைக் கீறி ரண சிகிச்சை செய்யப்பெற்று, உயிர் பிழைத்து, அதன்பின் ஆண்டுக்கணக்கில் உண்டது செரியாமலும் செரித்தது நில்லாமலும் வருந்துகின்றவனுக்கோ அச்சொல் நாள்தோறும் செவியிற் படுகின்றது. "டாக்டர் செய்யவேண்டியதைச் செய்துவிட்டார், இனி அவன் செய்த வினைதான் அவனை விடவேண்டும்" என்கின்றனர். இவ்வாறு கூறுவோர் கொடியரல்லர், பெரும்பாலும் அன்புடையோரே. ஆயினும் அச்சொல் உண்மைதானா என்பது ஆராயத்தக்கது.

இக்கேள்வி புதியதன்று. மோளிய சீவகர் என்னும் பரிவிராசகர் ஒருவர் (மருத்துவர் ஜீவகர் வேறு, இவர் வேறு) பகவானை அணுகி, "மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன் செய்தவற்றின் பயனே எனச் சிலர் கூறுகின்றனரே, தாங்கள் என்ன கூறுகின்றீர்கள்?" என்று வினவியதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. பகவான் எட்டுக் காரணங்களைக் காட்டினார். பித்தத்தால் எழும் வேதனை உண்டு. கபத்தால் எழுவது உண்டு. வாயுவால் எழுவது உண்டு. இம்மூன்றும் கலந்து எழுவது உண்டு. பருவ மாற்றத்தாலும், ஒவ்வா நடையாலும், பிறர் தாக்குதல் போன்ற வன்செயலாலும் எழுவன உண்டு. வினைப்பயனால் எழுவதும் ஒன்று உண்டு. எட்டனுள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழையும் விழுங்கிவிடச் செய்வோர், தாமே அறியக்கூடியதையும் உலகம் மெய்யெனக் கொண்டதையும் கடந்து பேசுகின்றவர் என்பது அவர் தீர்ப்பு. வினையை அவர் மறுக்கவில்லை. வினையைச் சோம்பேறியின் விடையாக ஆக்குவதையே மறுத்தார். பாபாசாகேப் அம்பேத்கரும், தம் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த "புத்தரும் அவர் தம்மமும்" என்னும் நூலில், முற்பிறவி வினைக் கொள்கை எளியோர் துயருக்குரிய பொறுப்பினின்று அரசும் சமுதாயமும் தப்பித்துக்கொள்ளவே உதவும் என்று வாதிட்டார்.

எங்கள் ஆலையில் மூன்று ஷிப்டு. இரவு ஷிப்டுக்காரர் பலர்க்கு வயிற்றுப் புண் இருந்தது. வினை என்றனர் வீட்டுப் பெரியோர். நேரந்தவறி உண்டதால் வந்தது என்றனர் மேஸ்திரிமார். நேரத்தைத் தவறச் செய்தது சங்கொலியா, தொழிலாளியின் நாவா என்று எவரும் கேட்டிலர்! பெரும்பாலான வயிற்றுப் புண்ணுக்கு உண்மைக் காரணம் பின்னரே எங்கட்குத் தெரியவந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர்களான பேரி மார்ஷலும் ராபின் வாரனும், இரைப்பையின் உட்சுவரில் வாழும் ஒரு கிருமியே அதற்குக் காரணம் என்று 1980களில் காட்டினர். நம்பாதோரை நம்பச்செய்ய மார்ஷல் 1984இல் அக்கிருமியைத் தாமே பருகி நோயுற்றார். 2005இல் அவ்விருவர்க்கும் நோபல் பரிசு கிட்டியது. சில வார மருந்தில் தீரக்கூடிய அந்நோய்க்காக, அதற்கு முன் எத்தனை ஆயிரம் பேர் இரைப்பையை அறுத்துக்கொண்டனர்! என் வயிற்றிலும் கிழிந்த புண்ணுக்காக இரைப்பையின் கீழ்ப்பாகத்தை நீக்கி, எஞ்சியதைச் சிறுகுடலோடு இணைத்தனர். அவ்வாறு செய்திராவிடின் இக்கட்டுரையை எழுத நான் இரேன். ஆதலின் அறுத்தவரை நான் குறை கூறேன்.

அறுத்தபின் நிகழ்வது என்ன என்பதை நோயாளியும் அவன் வீட்டாரும் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில், அறியாத இடத்தில்தான் வினை என்னும் சொல் வந்து குடியேறுகின்றது. இரைப்பையின் கீழ்வாயில் ஒரு தசை வளையம் உண்டு. கிரேக்கர் அதற்கு வாயிற்காப்போன் என்று பொருள்படப் பைலோரஸ் எனப் பெயரிட்டனர். அது உணவைச் சிறிது சிறிதாகவே குடலுக்குள் விடும். அக்காவலனை நீக்கிவிட்டால் உண்டது அனைத்தும் ஒரேயடியாகக் குடலிற் சரிகின்றது. குடல் தன்னுள் நீரை இழுத்துக்கொள்ள, உண்ட அரை மணிக்குள் வயிறு முறுக்கி, நெஞ்சு படபடத்து, வியர்த்து, பேதியாகும். இனிப்புண்டால் இது மிகும். சிலர்க்கு ஒன்று முதல் மூன்று மணி நேரங்கழித்து இரத்தத்திற் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கமும் நடுக்கமும் வரும். கொட்டிக் கவிழ்த்தல் என்ற பொருளில் மருத்துவர் இதனை டம்பிங் என்பர். பித்தப்பையை நீக்கியோருள் சிலர்க்குப் பித்தநீர் ஓயாது குடலில் இறங்குவதால் நீர்த்த மலம் போகும். எவ்வகை அறுவையாயினும், உள்ளே குடலோடு குடலும், குடலோடு வயிற்றுச் சுவரும் நார்போல ஒட்டிக்கொள்ளுதல் பெரும்பாலோர்க்கு உண்டாகும். அவருட் பலர்க்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. சிலர்க்கு மட்டும் அவ்வொட்டு குடலை மடக்கி அடைத்துவிடும். இவற்றுள் எதிலேனும் பாவம் எங்கே இருக்கின்றது? தச்சன் ஒரு கதவைக் கழற்றினால் காற்று உள்ளே வருகின்றது. அவ்வளவே.

மகாவக்கத்தில் ஒரு வரலாறு உளது. காசி நகரத்துச் செட்டியின் மகன் குட்டிக்கரணம் போட்டு விளையாடுங்கால் அவன் குடல் முடிச்சிட்டுக்கொண்டது. கஞ்சியும் செரியவில்லை, சோறும் செரியவில்லை. உடல் வற்றி நரம்பு தெரிந்தது. தட்சசீலத்தில் 7 ஆண்டு கற்ற ஜீவகர் வந்தார். மற்றவர்களை வெளியே அனுப்பித் திரையிட்டு, அவனைத் தூணிற் கட்டி, அவன் மனைவியை மட்டும் முன்னே நிறுத்திக்கொண்டார். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, "இதோ பார், உன் கணவன் நோய்" என்று அவளுக்குக் காட்டினார். பின் முடிச்சை அவிழ்த்து, குடலை உள்ளே வைத்துத் தைத்து, மருந்திட்டார். அவன் விரைவில் நலமுற்றான். ஜீவகர்க்கு 16,000 பொன் கிட்டியது. இக்கதையைப் பலர் அறுவையின் பெருமைக்காகச் சொல்வர். என் மனமோ அவர் மனைவிக்குக் காட்டியதிலேயே நிற்கின்றது. நோயைத் தாங்கப்போகிற வீட்டுக்கு நோய் இன்னதென்று கண்ணாற் காட்டினார். வினையென்று கூறி மூடவில்லை.

செட்டி மகனுக்கு நலம் முற்றும் திரும்பியது. திரும்பாதவர்க்கு என்ன வழி? இங்கேதான் இரண்டு அம்புகளின் உவமை பயன்படுகின்றது. உடலில் தைத்தது ஓரம்பு. அதற்காகப் புலம்பி, வெகுண்டு, நாணி, நாமே எய்துகொள்வது மற்றோர் அம்பு. முதலாவதை எல்லார்க்கும் தவிர்க்க முடியாது. ஆனால் இவ்வுவமையை நோயில்லாதவர் நோயாளிக்கு எடுத்துரைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. "மனத்தைத் திடப்படுத்து" என்று எளிதிற் கூறிவிட்டு, கஞ்சி வைத்துக் கொடாமற் போகின்றவர் பலர். வயிற்று நோயாளியின் இரண்டாம் அம்பைப் பெரும்பாலும் பிறரே எய்கின்றனர். அவன் அதனைப் பிடுங்காமல் வைத்துக்கொள்கின்றான், அவ்வளவே. வெட்கம் என்பது அவ்வம்பின் பெயர். மூலை மூலையாகக் கழிப்பறை தேடுதல், பஸ்ஸில் ஏற அஞ்சுதல், திருமணப் பந்தியில் அமர மறுத்தல், பிறகு வீட்டை விட்டே வெளிவராதிருத்தல் என இது வளர்கின்றது.

வயிற்றுக் கடுப்பால் தன் மலமூத்திரத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவானும் ஆனந்தரும் கண்டனர். "பிற பிக்குகள் ஏன் உன்னைப் பேணவில்லை?" என்று கேட்டதற்கு, "நான் அவர்கட்கு ஓர் உதவியும் செய்யாதவன், அதனால் பேணவில்லை" என்றார் அவர். இவ்விடை நெஞ்சை அறுப்பது! பயன்படாதவன் பேணப்படான் என்பதை நோயாளியே நியாயமென ஒப்புக்கொண்டுவிட்டார். பகவான் அந்நியாயத்தை ஏற்கவில்லை. தாமே நீர் வார்த்தார், ஆனந்தர் கழுவினார். இருவரும் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். அதன்பின், தம்மைப் பேண விரும்புவோர் நோயாளியைப் பேணுக என்று சங்கத்துக்குக் கட்டளையிட்டார். அவ்விடத்திலேயே பேணுவோர்க்கும் பேணப்படுவோர்க்கும் இலக்கணம் கூறப்பட்டுளது. மலம், சிறுநீர், வாந்தி இவற்றை அகற்ற அருவருப்பவன் பேணத் தகுதியற்றவன். தனக்கு ஏற்றதை ஏற்ற அளவில் கொள்ளாதவனும், நோய் மிகுகின்றதா, குறைகின்றதா, அவ்வாறே நிற்கின்றதா என்பதை உள்ளவாறு சொல்லாதவனும் பேணுதற்கு அரியவன். உள்ளவாறு சொல்லுதல் நோயாளியின் கடன் என்பதைக் கவனிக்க வேண்டுகின்றேன். வாய்மை என்பது நீதிமன்றத்திற்கு மட்டும் உரியதன்று. பேதி எத்தனை முறை என்று வீட்டாரிடமும் மருத்துவரிடமும் கூறுவதும் வாய்மையே.

இதிற் கடினமான இடம் ஒன்று உண்டு. தம்மம் பேசச் செல்கின்றவனுக்கு வீடுதோறும் உணவு படைக்கின்றனர். பெங்களூர்ச் சேரிகளிலும், 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் வறுமையுற்ற கோலார் தங்கவயல் வரிசை வீடுகளிலும், கடன்வாங்கியேனும் கறியும் பாயசமும் செய்து வைப்பர். நான் உண்டால் அன்று மாலை எழுந்து பேச முடியாது. உண்ணாவிட்டாலோ? நம் தெருக்களில் உண்ண மறுத்தல் வெறும் மறுப்பன்று. நம் வீட்டுத் தண்ணீரைத் தொடமாட்டேன் என்றவர்களின் மறுப்பை நம் பாட்டன் பூட்டன் கண்டிருக்கின்றனர். அந்த வடு இன்னும் ஆறவில்லை. ஆகவே "பசியில்லை" என்று பொய்யாகச் சொல்லித் தப்புதல் இரட்டைத் தீங்கு. பொய்யும் ஆகும், அவமதிப்பென்றும் கொள்ளப்படும். நான் வாயிலிலேயே, "அம்மா, எனக்கு இரைப்பை பாதிதான், ஒரு சிறு கிண்ணம் சோறும் மோரும் கொடுங்கள், பாயசம் வேண்டா, இரண்டு மணி கழித்து மீண்டும் ஒரு கிண்ணம் கேட்பேன்" என்று சொல்லிவிடுகின்றேன். மீண்டும் கேட்பேன் என்பதில்தான் அவர்கள் முகம் மலர்கின்றது. கொல்லன் மகன் சுந்தன் அளித்த உணவே பகவானுக்குக் கடைசி உணவாயிற்று. இரத்தக் கடுப்பு நோயும் கண்டது. அந்நிலையிலும், சுந்தனை எவரும் குறை கூறலாகாது, அவன் தானம் பெரும்பயனுடையது என்று அவனுக்குச் சொல்லும்படி ஆனந்தரிடம் கூறினார். படைத்தவன் மனம் புண்படாமற் காத்தலும் நோயாளியின் அறத்துள் அடங்கும் என்று இதனால் அறிகின்றேன். ஆனால் படைத்ததையெல்லாம் உண்டுதான் அதனைக் காக்கவேண்டும் என்று நான் கருதவில்லை.

உபோசத நாளில் எட்டுச் சீலம் ஏற்போர் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. இரைப்பை குறைந்தவர்க்கு நாளொன்றுக்கு 5 அல்லது 6 முறை சிறிது சிறிதாக உண்பதே மருந்து. இவர்கள் பிற்பகல் பட்டினி கிடந்து மயங்கி விழுவதைச் சீலம் என்று நான் ஒப்பேன். இலையுதிர் பருவத்துப் பிணியால் பிக்குகள் மெலிந்தபோது நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தையும் எந்நேரத்திலும் மருந்தாகக் கொள்ள இசைவளித்தவர் பகவான். விதி நோயாளிக்காக வளைந்தது. நோயாளி விதிக்காக ஒடியவில்லை. (தேனும் வெல்லமும் டம்பிங் உடையவர்க்கு ஆகா என்பதைச் சேர்த்துக்கொள்க. பகவான் ஈந்த இசைவு ஒவ்வா உணவை உண்ணக் கட்டளையன்று.) கஞ்சிக்குப் பத்துப் பயன் உரைத்தவரும் அவரே, வாயுவை ஒழுங்குபடுத்துதலும் செரியாது எஞ்சியதைச் செரிப்பித்தலும் அவற்றுள் அடங்கும். கோசல மன்னன் பசேனதி அளவின்றி உண்டு மூச்சு வாங்க வந்தபோது, அளவுபற்றி அவர் கூறிய செய்யுளை ஓர் இளைஞன் உணவுவேளைதோறும் ஓத, மன்னன் படிப்படியாக ஒரு நாளி அளவுக்கு வந்தான். நம் நாழியும் அதுவும் ஒரே சொல்லாகத் தோன்றுகின்றன!

என் அனுபவத்திலும் மருத்துவர் சொல்லிலும் கண்டவற்றைச் சுருங்கக் கூறுவேன். உணவோடு நீர் அருந்தாமல் அரை மணி முன்னோ பின்னோ அருந்துக. நன்கு மென்று விழுங்குக; ஆரஞ்சு, சாத்துக்குடியின் சக்கை இரைப்பை குறைந்தவர்க்குள் உருண்டை கட்டும். இரைப்பையின் பெரும்பகுதியையோ சிறுகுடலின் கடைப்பகுதியையோ இழந்தவர்க்குச் சில ஆண்டுகள் கழித்து பி12 என்னும் வைட்டமின் குறைந்து, கால் மரத்தலும் சோகையும் வரும். கல்லீரற் சேமிப்பு தீருமட்டும் அது வெளிப்படாது. அதற்கு ஊசி உண்டு. அதனைப் பேய் என்றும் பில்லி என்றும் சொல்லிக் காலங்கடத்தாதீர். விட்டுவிட்டு வரும் கடுவலியோடு வயிறு உப்பி, வாந்தியெடுத்து, மலமும் காற்றும் அறவே நின்றுவிட்டால் அது குடலடைப்பு. கஷாயமும் வேண்டா, தியானமும் வேண்டா. அந்த நாழிகையே ஆஸ்பத்திரிக்குச் செல்க. அயோத்திதாச பண்டிதர் தாமே சித்த மருத்துவர். அவர் வழிவந்த நாம் மருந்தை இகழ்தல் தகாது.

நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக் கூட்டத்தில் இடையில் எழுந்து செல்கின்றவரைப் பேச்சாளர் நிறுத்திக் கேள்வி கேட்கும் வழக்கம் சில கிளைகளில் இருக்கின்றது. அதனை விட்டுவிடுக. கதவருகே இரண்டு நாற்காலிகளை எப்போதும் காலியாக வைத்து, கழிப்பறையின் சாவியை ஆணியில் மாட்டிவைத்தால் போதும். செயலாளரிடம் கேட்டு வாங்கும்படி வைக்கவேண்டா. பௌர்ணமி விருந்தில் காரமும் எண்ணெயும் இல்லாத ஒரு பானை அரிசிக் கஞ்சி தனியாக இருக்கட்டும். வரும் பௌர்ணமிக்கு அதனை நானே காய்ச்சுவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றேன். அரிசி 2 படி வேண்டும்.