நான்காவது கை

முதுமையிற் சீட்டாடுவது பொழுதை வீணாக்குவதாகாதா? இக்கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். திருக்குறளில் 'சூது' என்றொரு தனி அதிகாரமே உண்டென நினைவூட்டுவோரும் இருக்கிறார்கள். ஆனால் வள்ளுவர் கண்டித்தது, பொருளையும் மானத்தையும் பறிக்கும் சூதை. பணம் வையாமல், பொழுது சாயும் நேரத்தில் முதியவர் நால்வர் கூடி ஆடுவதை அதே தராசில் நிறுப்பது நியாயமன்று.

வன்னியில் கடதாசி விளையாட்டென்றால் 304 நினைவுக்கு வரும். சீட்டுகள் 32, எதிரெதிரே அமர்பவர்கள் கூட்டாளிகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. துரும்பு கவிழ்ந்து கிடக்கும். விழுந்த சீட்டை நினைவில் வைத்து, மறைந்த சீட்டை ஊகித்து, வாய் திறவாமலே கூட்டாளியின் கருத்தை அறிய வேண்டும். மூளைக்கு இதைவிட நல்ல வேலை எது?

அமெரிக்காவில் 75 வயது கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003இல் வெளியான ஆய்வொன்று, வாசிப்பு, இசை, நடனம், பலகை விளையாட்டு, சீட்டு போன்றவற்றில் ஈடுபட்டோரிடையே மறதிநோய் குறைந்திருக்கக் கண்டது. இதைக் கொண்டு சீட்டே மருந்தென்று முடிவு கட்டலாகாது. தெளிந்த அறிவுள்ளவர்களே ஆட வந்திருக்கவும் கூடும். எனினும் தனிமை உடலையும் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. 2023இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென ஓர் ஆணையத்தையே அமைத்தது.

தனிமைதான் வன்னியின் கேள்வி. 304 நால்வருக்கான ஆட்டம். நான்காமவர் எங்கே? 2009இல் முடிந்த போர் சிலரைக் கொண்டுபோயிற்று. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமைக் கடந்து ஊர் திரும்பியோரில் சிலர், அயலவரை இழந்தே திரும்பினர். பிள்ளைகளோ கடல் கடந்து விட்டனர். அவர்கள் அனுப்பும் பணம் அரிசி வாங்கும். எதிரே அமர்ந்து சீட்டுப் போடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் பெறும் உத்தியோகத்தருக்கு மாலைப்பொழுது உண்டு. 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் கழனியாக்கிய கூலித் தொழிலாளிக்கு எழுபதிலும் ஓய்வில்லை. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிக்கோ, ஆண்கள் கூடும் திண்ணையில் இடமே இல்லை. 'சோம்பலுக்கான உரிமை' என்று மார்க்ஸின் மருமகன் பால் லஃபார்க் 1880இல் எழுதத் தொடங்கியது கேலிப்பேச்சன்று. ஓய்வும் உழைப்பவரின் சொத்தே என்ற கோரிக்கை அது.

ஆகவே, முதியவர் ஏன் சீட்டாடுகிறார் என்று கேட்பதை விட்டு, ஆட முடியாத முதியவர் ஏன் இத்தனை பேர் என்று கேட்போம். ஊர் வாசிகசாலையில் ஒரு பாயை விரிப்பது பெரிய செலவன்று. அதில் பாட்டிக்கும் இடம் வேண்டும். கூலிக்காரக் கிழவருக்கும் இடம் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் சென்று, காலியாக உள்ள அந்த நான்காவது இடத்தில் உட்காரட்டும். தோற்றாலும் பாதகமில்லை, ஊரின் கதை கேட்டுத் திரும்புவார்கள்.