இசைந்தவர் எவர்?

1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விரித்துரைத்த நடுக்குவாதம், உடலைச் சிறைப்படுத்தும் நோய். கை நடுங்கும்; கால் எழ மறுக்கும். மருந்துகள் போதாத நிலையில், மூளையின் ஆழத்தில் நுண்ணிய மின்கம்பிகளைச் செலுத்தி, மார்புத் தோலின் கீழ்ப் பதித்த சிறு கருவியினின்று நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட மின்துடிப்புகளை அனுப்புகின்றனர். பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனபித் என்பாரின் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வால் வலுப்பெற்ற முறை இது. நடுக்கம் அடங்குகிறது, நடை மீள்கிறது. போற்றத்தக்க பணியே.

ஆயினும், மின்சாரம் கைகால்களை மட்டும் தேடிச் செல்வதில்லை. இன்று பெரிதும் தூண்டப்படும் உட்கரு ஓர் அவரை விதையளவே இருக்கும். இயக்கத்துக்குரிய பகுதியும் உணர்ச்சிக்குரிய பகுதியும் அதனுள் சுவரொட்டிய வீடுகளாய் அமைந்துள்ளன. ஒரு வீட்டில் ஏற்றிய விளக்கு மறுவீட்டிலும் ஒளி வீசிவிடுகிறது.

நெதர்லாந்து மருத்துவ இதழொன்றில் 2004இல் ஒரு நோயாளியின் வரலாறு வெளிவந்தது. அவருக்கு வயது 62. கருவி இயங்குகையில் உடல் விடுதலை பெற்றது. உள்ளமோ மருந்துக்கும் பணியாத களிவெறியில் மூழ்கியது. கருவியை நிறுத்தினால் அறிவு தெளிந்தது; உடல் முற்றும் முடங்கியது. இடைநிலை ஒன்றைக் காண மருத்துவர்கள் முயன்றும் பயனில்லை. எஞ்சியவை இரண்டே: தெளிந்த அறிவோடு பராமரிப்பு இல்லம், அல்லது இயங்கும் உடலோடு மனநல மருத்துவமனை. கருவியை நிறுத்தி, தெளிந்த நிலையில் அவரையே கேட்டனர். கருவி இயங்கட்டும் என்றார் அவர். மனநல மருத்துவமனையில் சட்டப்படி அடைக்கப்பெறவும் இசைந்தார்.

இசைந்தவர் ஒருவர், அடைபட்டு வாழ்பவர் மற்றொருவர் அல்லரோ? களிவெறியில் இருப்பவர் வெளியே விடுமாறு கதவைத் தட்டினால் எவர் சொல்லை மதிப்பது? குடிப்பழக்கமுடையவன் காலையில் பணப்பெட்டியின் சாவியை மனைவியிடம் தந்து, "இரவில் நானே கேட்டாலும் கொடுக்காதே" என்கிறான். காலையில் பேசியவனையே உலகம் உண்மையான அவனாகக் கொள்கிறது. அவ்வகையில் மருத்துவர்கள் தெளிந்தவரைக் கேட்டது நேரிதே.

ஆனால், குடித்தவனுக்கு மறுநாள் பொழுது விடியும். சாவியைத் திரும்பக் கேட்கலாம். இவருக்கோ, தம் முடிவை மறுபடி எண்ணிப்பார்க்கும் விடியல் தானாக வருவதில்லை. பிறர் கருவியை நிறுத்தினாலன்றி, இசைவு தந்தவர் மீண்டும் பேசவே இயலாது. ஒருமுறை பெற்ற இசைவு எத்தனை ஆண்டுக்குச் செல்லும்? ஆண்டுக்கொரு முறையேனும் கருவியை நிறுத்தி அவரை வினவுதல் கடமையன்றோ? நிறுத்திய பொழுதிலேயே நடுக்கமும் முடக்கமும் திரும்பும். அத்துன்பத்தை அவர்மேல் ஏற்றித்தான் அவ்வினாவை எழுப்ப வேண்டும். அவ்வாறு நிறுத்தும்போது, வேண்டா என்று தடுப்பவரும் அவரே.