குறை எங்கே இருக்கிறது?

வானூர்தி செலுத்தக் கைகள் இன்றியமையாதவை என்பதில் நமக்கு ஐயமே எழுந்ததில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் 1983-ல் இரு கைகளுமின்றிப் பிறந்த ஜெசிகா காக்ஸ், 2008-ல் இலகுரக விமானம் ஓட்டும் உரிமம் பெற்று அந்த உறுதியை அசைத்துவிட்டார்.

வழக்கமான சிறு விமானத்தில் கைகள் திசைச்சக்கரத்தைப் பிடித்திருக்க, கால்கள் சுக்கான் மிதிகளை இயக்கும். அவர் ஓட்டியதோ எர்கூப் என்னும் விமானம். பழகாதவரும் எளிதாகப் பறக்க வேண்டுமென்று, பிரெட் வைக் என்னும் பொறியாளர் 1930-களில் சுக்கானைச் சக்கரத்தோடு பிணைத்து மிதிகளை நீக்கினார். எவருக்கோ செய்த அந்த ஏற்பாடு, இப்பெண்ணின் கால்களுக்கு விடுதலை தந்தது. ஒரு காலால் சக்கரத்தையும் மறுகாலால் எஞ்சினின் வேகப்பிடியையும் அவர் இயக்குகிறார்.

அப்படியாயின் குறை உடலில் இருந்ததா, கருவியில் இருந்ததா?

“உயிர்களின் பாதுகாப்பு என்னாவது?” என்று கேட்பது நியாயமே. அதற்கு விடை கூற வேண்டியது தேர்வு, நமது அனுமானமன்று. இரக்கத்தால் தேர்வைத் தளர்த்துவது நீதியாகாது. தேர்வின் வாயிலையே அடைத்துவிடுவதும் நீதியாகாது. அரபியில் நீதியைக் குறிக்கும் ‘அத்ல்’ என்ற சொல், சமன்செய்தலையும் குறிப்பது சிந்திக்கத்தக்கது.

நம் இல்லத்துப் பிள்ளையிடம் “உன்னால் இயலாது” என்று கூறுமுன், எதனால் இயலாது என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்வோமாக.