பேய்ப் படமும் டோர்ச் வெளிச்சமும்

"இரிக்கிற பயம் காணாதா மகன், காசி குடுத்துமா பயப்புடணும்?" என்று உம்மா கேட்டது 1991ஆம் ஆண்டாக இருக்க வேண்டும். கல்முனைப் பக்கத்தில் இருட்டிய பின் யாரும் வெளியே இறங்காத காலம். ஆகவே எங்கள் ஊரில் வீடியோப் படம் பகலில்தான் ஓடும். ஒரு வீட்டின் நடு அறை ஜன்னல்களைச் சாக்கினால் மறைத்து, பின்வளவில் ஜெனரேட்டரை இயக்கிவிட்டு, ஆளுக்கு ஐந்து ரூபா வாங்குவார்கள். வெளியே உச்சி வெயில், உள்ளே நடுச்சாமம். '13ஆம் நம்பர் வீடு' அங்குதான் பார்த்தேன். விட்டலாச்சாரியாவின் 'ஜகன்மோகினி'யையும், ஒரு சொல்லும் விளங்காத ராம்சே சகோதரர்களின் 'புரானா மந்திர்' படத்தையும் அங்குதான் பார்த்தேன்.

உம்மாவின் கேள்வி சாதாரணக் கேள்வியல்ல. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் பள்ளிவாசல்களுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரமே ஏறாவூர். அதன் பிறகு எங்கள் ஊரில் நான்கைந்து குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் ஒரே கல்வீட்டுக்குள் படுப்பதும், ஆண்கள் சந்தியில் விழித்திருப்பதும் வழமையாயிற்று. நாய் குரைத்தால் மூத்தம்மா ஆயத்துல் குர்ஸியை ஓதி எங்கள் தலைகளில் ஊதுவார். அப்படி இரவைக் கழித்த பிள்ளைகள்தான், விடிந்ததும் பயப்படுவதற்காக ஐந்து ரூபா தேடி அலைந்தோம்.

இப்போது நாற்பதைத் தாண்டிய பிறகு யோசித்தால், அந்தப் படங்கள் மலிவானவையாக இருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. ராம்சேக்களின் கதையே அப்படித்தான். தகப்பன் எஃப்.யூ. ராம்சே பிரிவினைக்கு முன் கராச்சியில் றேடியோக் கடை வைத்திருந்தவர். ராம்சிங்கானி என்ற பெயர் சுருங்கித்தான் ராம்சே ஆனது. அவர் தயாரித்த 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ' (1970) தோற்றுப்போனது. ஆனால், பிருதிவிராஜ் கபூர் முகமூடியோடு நூதனசாலைக்குள் திருட வரும் காட்சியில் மட்டும் சனம் அலறியதை மகன்மார் கவனித்துவிட்டார்கள். ஏழு பேரும் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு என்று வேலையைத் தமக்குள்ளே பங்கிட்டுக்கொண்டு 1972இல் 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே' எடுத்தார்கள். பிறகு அதுவே குடும்பத் தொழிலாயிற்று. பெரிய நட்சத்திரம் கிடையாது. பாழடைந்த பங்களா, புகை, காற்றில் அடிக்கும் கதவு, நரியின் ஊளை. எல்லாவற்றிலும் மலிவான தந்திரம் ஒன்று உண்டு: விளக்கை நாடிக்குக் கீழே வைப்பது. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் மனிதனாகத் தெரிபவன், கீழிருந்து வெளிச்சம் விழுந்தால் மூக்கு நிழல் நெற்றிக்கு ஏறி, கண் குழிவிழுந்து வேறொன்றாகி விடுகிறான்.

காசில்லாத படத்தில் பேயின் தையல் தெரியும். எலும்புக்கூட்டைத் தூக்கும் நூலைக் கண்டுகொண்டே அலறினோம், அலறிவிட்டுச் சிரித்தோம். இரவில் நாங்கள் பயந்தவனுக்கு முகமில்லை. சுட வருகிறவன் எப்படியிருப்பான் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. ஜன்னலுக்குச் சாக்குக் கட்டிய அறையிலோ பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. அது இன்ன இசைக்கு வரும், இரண்டரை மணித்தியாலத்தில் போய்விடும் என்று தெரியும். ஜெனரேட்டரை நிறுத்தியதும் வெயிலுக்குள் இறங்கி வீட்டுக்கு நடக்கலாம். (இன்று என் மாணவர்கள் கைத்தொலைபேசியில் பார்க்கும் பேய்ப் படங்களில் தையலே தெரிவதில்லை. அவற்றைப் பார்த்து அவர்கள் சிரிப்பதையும் நான் கண்டதில்லை.)

இதெல்லாம் ஈமானுக்கு ஆகாது என்பார் எங்கள் ஊர் மௌலவி. மரணித்தவரின் ரூஹு பர்ஸகில் இருக்கிறது, அது வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு புளியமரத்தடிக்குத் திரும்பி வராது. சரிதான். இதே இக்கட்டு லாகூரில் 'ஸிந்தா லாஷ்' (1967) எடுத்தவர்களுக்கும் வந்திருக்கும். கிறிஸ்டோபர் லீ நடித்த 1958ஆம் ஆண்டு 'டிராகுலா'வைத் தழுவிய படம் அது. ஆங்கிலப் படத்தில் டிராகுலாவை விரட்டுவது சிலுவை. லாகூரில் சிலுவைக்கு எங்கே போவது? ஆகவே அவர்கள் வேறொரு வழியால் கதைக்குள் நுழைந்தார்கள். ஒரு பேராசிரியர் மரணத்தை வெல்ல ஆபே ஹயாத் தயாரித்துத் தானே குடிக்கிறார். செத்து, இரத்தம் குடிக்கும் பிணமாக எழும்புகிறார். அவரை முடிப்பது சூரிய ஒளி. ஹயாத்தும் மௌத்தும் தன் கையில் என்று நினைத்த மனிதனின் பெருமை அங்கே பேயாயிற்று. நம் அகீதாவுக்கு முரணாகாமலும் பயமுறுத்தலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான்.

வைக்கம் முகம்மது பஷீர் இன்னொரு வழி கண்டார். 'நீலவெளிச்சம்' என்ற தன் சிறுகதையை அவரே திரைக்கதையாக்க, ஏ. வின்சென்ட் 1964இல் 'பார்கவி நிலையம்' எடுத்தார். தற்கொலை செய்த பெண்ணின் ஆவி உலவுவதாகச் சொல்லப்படும் வீட்டுக்கு ஓர் எழுத்தாளன் குடிவருகிறான். அவன் மந்திரவாதியைத் தேடவில்லை. அவளோடு பேசுகிறான், ஒரே வீட்டிலிருப்பவளோடு பேசுவது போல. பேய்க்கதைக்குள் இவ்வளவு அதபை வேறெவரும் கொண்டுவந்ததாக எனக்குத் தெரியாது.

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. பயணமொன்றில் தோழர் ஒருவர் தூங்கிவிட, இன்னொருவர் அவரிடமிருந்த கயிற்றை எடுக்கப்போக, தூங்கியவர் திடுக்கிட்டு எழுகிறார். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். படம் அப்படியல்லவே, நாங்களே காசு கொடுத்து, இசைந்து உட்கார்ந்தோம், யாருடைய கயிற்றையும் யாரும் எடுக்கவில்லை என்று நான் வாதிடுவதுண்டு. அந்த வாதம் எனக்கு இருபது வருடம் போதுமாயிருந்தது.

2011 ஆகஸ்ட், நோன்பு மாதம். கிறீஸ் பூதம் என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவி எங்கள் கரையோரத்துக்கும் வந்தது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு, காலில் ஸ்பிறிங் சப்பாத்து மாட்டி, மதில் தாண்டிப் பெண்களைக் கீறுகிறார்களாம். எல்லாம் கட்டுக்கதை என்று நான் சொல்ல மாட்டேன். காயப்பட்ட பெண்கள் இருந்தார்கள், துரத்தப்பட்டவர்கள் முகாம்களுக்குள் ஓடி ஒளிந்ததாகச் சனம் சொன்னதற்கு ஒழுங்கான பதிலும் கிடைக்கவில்லை. பொத்துவிலிலும் கிண்ணியாவிலும் மோதல் நடந்தது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரரின் உயிர் போனது.

எங்கள் ஊரிலும் தறாவீஹுக்குப் பின் பொல்லுகளோடு காவல் நின்றோம். ஓரிரவு வயல் பக்கமிருந்து கூக்குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒருவனை மடக்கிப் பிடித்திருந்தார்கள். மேனி மினுமினுத்தது. எவன் அனுப்பினான் என்று கேட்டதற்கு வாய் அசைந்ததே தவிரப் பேச்சு வரவில்லை. என் கையில் மூன்று பற்றறி டோர்ச். "சேர், இவன்ட காலப் பாருங்க, ஸ்பிறிங் இரிக்கா எண்டு" என்றான் என் வகுப்பில் படித்த பொடியன். குனிந்து காலுக்கு வெளிச்சம் பிடித்தேன். வெறுங்கால், வெடித்த குதி, ஒரு விரலில் சேறு படிந்த துணிக்கட்டு. குனிந்தபடியே டோர்ச்சை மேலே நிமிர்த்தினேன்.

வெளிச்சம் நாடிக்குக் கீழிருந்து அந்த முகத்தில் ஏறியது. மூக்கு நிழல் நெற்றிக்குப் போயிற்று, கண் குழியாயிற்று. கூட்டம் ஒரே குரலில் அலறிப் பின்வாங்கியது. அந்த அலறல் எனக்கு நன்றாகத் தெரிந்த அலறல். யாரோ பொல்லை ஓங்கினார்கள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்ததென்று நான் பார்க்கவில்லை. ஆனால் டோர்ச்சை நான் அணைக்கவுமில்லை, இறக்கவுமில்லை. 'நீலவெளிச்ச'த்தைப் பலமுறை வாசித்தவன், அவரிடம் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அவர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்தவர். புத்தி கொஞ்சம் தளம்பியவர், இரவில் நடக்கும் பழக்கம். மினுமினுத்தது வெறும் வியர்வை. வயற்காரர் ஒருவர் அடையாளம் கண்டு சத்தம் போட்டதால்தான் அடி நின்றது. ஹதீஸில் முஸ்லிம் என்றுதானே வருகிறது என்று ஒருவர் பிற்பாடு என்னிடம் வாதாட வந்தார். நான் பேச்சை வளர்க்கவில்லை.

ஸஹருக்குச் சற்று முன்பு அவருடைய தாய் வந்தார். அந்த நாட்களில், அந்த நேரத்தில், எங்கள் ஊருக்குள் தனியாக வந்தார். யாரையும் ஏசவில்லை. மகனுக்குப் பக்கத்தில் குந்தி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நெற்றி, கன்னம், வாயோரத்து இரத்தம். துடைத்த பிறகும் அதே முகந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, அந்த லைற்ற நூத்துங்க. புள்ளைக்குக் கண் கூசிது."